வீச்சு கண்டுபிடிப்பது எப்படி? சச்சினின் 11 இன்னிங்ஸை வைத்துப் பார்ப்போம்

2003 உலகக் கோப்பையில் சச்சின் டெண்டுல்கர் 11 இன்னிங்ஸில் 673 ரன் எடுத்தார். சராசரி 61-ஐக் கொஞ்சம் தாண்டும். ஆனால் 61-ஐ ஒட்டி அவர் ஓர் ஆட்டத்தில்கூட அவுட் ஆகவில்லை. ஒன்று 52-இல் நின்றார், இல்லை 81-க்குப் போய்விட்டார். ரன்கள் எவ்வளவு ஏறி இறங்கின என்று சராசரி சொல்லாது. அதைச் சொல்பவை சிதறல் அளவைகள். அவற்றில் மிக எளியது வீச்சு: மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்.

படி 1: எண்களை எழுதிக்கொள்ளுங்கள். ஆடிய வரிசையில்:

52, 36, 81, 152, 50, 98, 5, 97, 15, 83, 4

படி 2: பெரிய எண்ணையும் சிறிய எண்ணையும் வட்டமிடுங்கள். பெரியது 152, நமீபியாவுக்கு எதிராக அடித்தது. சிறியது 4, ஆஸ்திரேலியாவுடனான இறுதிப் போட்டியில் (அதை நினைவூட்டியதற்கு மன்னிக்கவும்).

படி 3: கழியுங்கள். 152 − 4 = 148. வீச்சு 148 ரன்.

அவசரத்தில் பலர் கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்துவிடுவார்கள். இங்கே அது 4 − 52 = −48. வீச்சு ஒருபோதும் மைனஸில் வராது. வந்தால் எண்களை மறுபடி பாருங்கள். நிகழ்வெண் அட்டவணை (ஒவ்வோர் எண்ணும் எத்தனை முறை வந்தது என்று காட்டுவது) கொடுத்தால், கழிக்க வேண்டியது மதிப்புகளைத்தான், நிகழ்வெண்களை அல்ல.

சரி, ஒவ்வோர் ஆட்டமும் முடிந்ததும் இதே கணக்கைப் போட்டிருந்தால்? முதல் ஆட்டத்துக்குப் பிறகு ஒரே எண்தான், வீச்சு 0. 36 வந்ததும் 16. 81 வந்ததும் 45. நமீபியா ஆட்டத்தில் ஒரே தாவலாக 116. அப்புறம் 50, 98 இரண்டுக்கும் அசையவே இல்லை. 5 வந்ததும் 147. அடுத்த மூன்று ஆட்டங்களுக்கும் அதே 147. கடைசி 4-க்கு ஒன்று கூடி 148. கவனித்தீர்களா? புது எண் சேரும்போது வீச்சு கூடும், அல்லது அப்படியே நிற்கும், குறையாது. அதனால் 5 ஆட்டங்களின் வீச்சையும் 50 ஆட்டங்களின் வீச்சையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை.

இன்னொரு சிக்கல்: இரண்டு ஓரங்களைத் தவிர வேறு எதையும் வீச்சு பார்ப்பதில்லை. நடுவிலுள்ள ஒன்பது எண்களும் வெறும் 50 ஆக இருந்திருந்தாலும் விடை 148தான். நமீபியா ஆட்டத்தை மட்டும் எடுத்துவிட்டால் 98 − 4 = 94 என்று சரிந்துவிடும். ஓர் எண்ணுக்கு இவ்வளவு அதிகாரம் தருவது எனக்குப் பிடிப்பதில்லை.

படி 4: ஓரங்களை விட்டுவிட்டு நடுப்பகுதியை அளவிடுங்கள். ஏறுவரிசையில் எழுதினால்:

4, 5, 15, 36, 50, 52, 81, 83, 97, 98, 152

மொத்தம் 11 எண்கள். (11 + 1) ÷ 4 = 3. மூன்றாவது எண் 15, அது முதல் கால்மானம், அதாவது வரிசையில் கால் பங்கு தூரத்தில் நிற்கும் எண். 3 × 3 = 9. ஒன்பதாவது எண் 97, அது முக்கால் பங்கு தூரத்தில் நிற்கும் மூன்றாம் கால்மானம். இரண்டுக்கும் இடையிலான வீச்சு 97 − 15 = 82. நமீபியாவுக்கு எதிராக 152-க்குப் பதில் 200 அடித்திருந்தாலும் இந்த 82 மாறாது. பழைய வீச்சு 196 ஆகியிருக்கும்.