பின்மார்க்கில் வேலையா? கடலைப் பார்த்து ஊரைத் தெரிவு செய்யுங்கள்

நோர்வேயின் வடகிழக்கு முனையில் இருக்கும் பின்மார்க் மாகாணம் டென்மார்க்கை விடப் பெரியது. சனத்தொகையோ ஏறக்குறைய 75,000தான். 2020இல் துரொம்ஸ் மாகாணத்தோடு சேர்த்தார்கள், 2024இல் திரும்பப் பிரித்துவிட்டார்கள். பழைய படிவங்களில் இரண்டு பெயரும் சேர்ந்து கிடந்தால் குழம்பாதீர்கள்.

வேலை கிடைத்ததும் அந்த ஊர் கரையிலா, உள்ளேயா என்று பாருங்கள். வெப்பமான நீரோட்டம் வருவதால் பாட்ஸ்பியூர்ட், வார்டோ, ஹம்மர்பெஸ்ட் துறைமுகங்கள் மாரியிலும் உறைவதில்லை. உள்ளே இருக்கும் கராஷொக்கில் 1886இல் −51.4 பாகை பதிவாகியிருக்கிறது. அந்தப் பக்கம் வடக்கின் ஆதிக்குடிகளான சாமி மக்களின் கலைமான் வளர்ப்பு. ஹம்மர்பெஸ்டில் 2007 முதல் எரிவாயு ஆலையும் ஓடுகிறது.

மற்றக் கரையூர்களுக்கு மீன்தான் சோறு. 1980களில் எங்கள் தமிழ் ஆட்கள் வந்து இறங்கியதும் மீன் தொழிற்சாலைகளில்தான். பலர் பிறகு ஒஸ்லோவுக்குப் போய்விட்டாலும், அந்த வேலை இன்னும் இருக்கிறது. கீழிருந்து வெளிச்சம் அடிக்கும் மேசையில் கொட் மீன் துண்டைப் போட்டு, உள்ளே சுருண்டு கிடக்கும் புழுவைக் கத்தி முனையால் எடுப்பீர்கள். முதல் கிழமை விரல்கள் மரத்துப்போகும். ரப்பர் கையுறைக்குள் கம்பளிக் கையுறை போடுங்கள்.

தையிலிருந்து சித்திரை வரை மீன் குவியும், மேலதிக நேர வேலையும் இருக்கும். மீன் குறைந்தால் தற்காலிகமாக நிறுத்துவார்கள். இதற்கு 'பெர்மித்தேரிங்' என்று பெயர். அது வேலைநீக்கம் அல்ல, பயப்படாதீர்கள். வேலை நிற்கும் முதல் நாளே, வேலையற்றோர் கொடுப்பனவைப் பார்க்கும் அரச நிறுவனமான 'நாவ்'இல் பதிந்து கொடுப்பனவுக்கு விண்ணப்பியுங்கள். பிந்தினால் அந்த நாட்களின் காசு போய்விடும். வேலை ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்காமல் ஒருநாளும் தொடங்காதீர்கள்.

ஆட்கள் தங்க வேண்டும் என்பதற்காக அரசு இங்கே சலுகை தருகிறது. வருமான வரி குறைவு, வீட்டு மின்சாரத்துக்கு வரியில்லை. படிப்புக் கடன் இருந்தால் வருடாவருடம் ஒரு பங்கைக் கழிப்பார்கள்.

கார்த்திகைக் கடைசியிலிருந்து தை நடுப்பகுதி வரை சூரியன் எழும்பாது. காலையில் ஒரு கரண்டி மீனெண்ணெய் குடியுங்கள், பிள்ளைகளுக்கும் கொடுங்கள். சப்பாத்தில் மாட்டும் ஆணிப்பட்டையை வந்த அன்றே வாங்குங்கள். புயல் நாளில் மலைப்பாதையைப் பூட்டி, பனி அள்ளும் வண்டிக்குப் பின்னால் வரிசையாகத்தான் கார்களை விடுவார்கள். மணித்தியாலக் கணக்கில் காத்திருக்க நேரும். காரில் எப்போதும் போர்வையும் சுடுதண்ணீர்ப் போத்தலும் இருக்கட்டும்.