தோட்டத்து அறையின் தட்டைக் கூரைக்கு வெப்பக்காப்பு: முதன்முறை செய்பவர்களுக்கு

தோட்டத்தில் தனியாகக் கட்டிய மர அறை வெயிலில் அடுப்பாகவும் குளிரில் பனிக்கட்டியாகவும் மாறுவதற்குப் பெரும்பாலும் கூரைதான் காரணம். வெப்பக்காப்புப் பலகையை வாங்கிச் சட்டங்களுக்கு நடுவே செருகிவிட்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படிச் செய்த கூரைகளில் சில ஆண்டுகளிலேயே மரம் உளுத்துப்போகிறது. ஆகவே, வெப்பத்தைவிட ஈரத்தைப் பற்றியே இங்கு அதிகம் பேசப்போகிறேன்.

குளிர்காலத்தில் அறைக்குள் இருக்கும் வெதுவெதுப்பான காற்றில் நம் மூச்சின் ஈரமும் கலந்திருக்கிறது. அது மேலே ஏறிக் குளிர்ந்த கூரைப் பலகையைத் தொட்டதும் நீர்த்துளியாகிவிடும். வெப்பக்காப்பைச் சட்டங்களுக்கு இடையில் வைத்தால் பலகை குளிர்ந்தே இருக்கும். எனவே காப்புக்கும் பலகைக்கும் நடுவே 50 மி.மீ. இடைவெளி விட்டு, இரு பக்கமும் காற்றோட்டம் தர வேண்டும். சின்னக் கட்டடத்தில் இதைச் சரியாகச் செய்வது கடினம். காப்பைப் பலகைக்கு மேலே போடும் முறையையே நான் பரிந்துரைக்கிறேன். அப்போது மரம் முழுவதும் கதகதப்பான பக்கத்தில் இருக்கும். காற்றோட்ட இடைவெளி தேவையில்லை. கூரை உயரம் கூடும் என்பது மட்டுமே குறை.

முதலில் மரத்தைச் சோதியுங்கள். ஸ்குரூடிரைவர் முனையால் சட்டங்களையும் பலகையையும், குறிப்பாக ஓரங்களில், அழுத்திப் பாருங்கள். முனை எளிதாக உள்ளே இறங்கினால் அந்த மரத்தை மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை. பலகை ஈரமாக இருந்தால் நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தை மூடிவைத்தால் அது வெளியேற வழியே இருக்காது. கூரையின் வாட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். தட்டைக் கூரை என்றாலும் மீட்டருக்கு 25 மி.மீ. சரிவு இருப்பது நல்லது.

அடுத்து ஆவித் தடுப்புத் தாள். இந்தப் படியில் அவசரம் கூடவே கூடாது. கனமான பாலித்தீன் தாளைப் பலகை முழுவதும் விரித்து, இணையும் இடங்களில் 150 மி.மீ. மேலேறும்படி வைத்து, அதற்குரிய டேப்பால் ஒட்டுங்கள். நான்கு ஓரங்களிலும் காப்பின் பக்கவாட்டில் மேலே மடிக்கும் அளவுக்குத் தாளை நீட்டிவிடுங்கள். மின்கம்பி நுழையும் சின்னத் துளையையும் விடாமல் அடையுங்கள். அந்த ஒரு துளை வழியாகவே அறையின் ஈரக்காற்று காப்புக்குள் புகுந்துவிடும். ஆண்டு முழுவதும் புழுக்கமான ஊரில் ஏ.சி. போட்ட அறையென்றால் ஈரம் வெளியிலிருந்து உள்ளே வரும். அங்கே கடைசியில் மேலே போடும் நீர்புகா விரிப்பே ஆவித் தடுப்பாகிவிடும்; கீழே இன்னொரு தாள் போட்டால் ஈரம் நடுவில் சிக்கிக்கொள்ளும்.

பிறகு காப்புப் பலகைகள். அலுமினியத் தாள் ஒட்டிய பி.ஐ.ஆர். (பாலிஐசோசயனுரேட் என்னும் கெட்டியான பிளாஸ்டிக் நுரை) நுரைப்பலகை 100 மி.மீ. கனத்தில் இருந்தால் நல்லது. அதே பலன் கனிமக் கம்பளியில் (கல்லையோ கண்ணாடியையோ உருக்கி இழையாக்கியது) கிடைக்க ஒன்றரை மடங்குக்கும் மேல் கனம் தேவை. நுரைப்பலகை சதுர மீட்டருக்குச் சுமார் மூன்று கிலோதான் இருக்கும். ஆனால் மேலே போடும் 18 மி.மீ. மரப்பலகை பத்துக் கிலோவைத் தாண்டும். சட்டங்கள் மெலிந்திருந்தால் முதலில் பலப்படுத்துங்கள். கூரையைச் சுற்றிலும் காப்பின் கனத்துக்குச் சமமான உயரத்தில் மரச்சட்டம் அடித்து, அதற்குள் பலகைகளை, செங்கல் கட்டும்போது செய்வதுபோல, இணைப்புகள் ஒரே கோட்டில் வராமல் அடுக்குங்கள். விரல் நுழையும் சந்து எதுவும் இருக்கக்கூடாது. இருந்தால் நுரை பீய்ச்சி நிரப்பி, காய்ந்தபின் மழித்து, அலுமினிய டேப் ஒட்டுங்கள். தாளின் நீட்டிய ஓரங்களை மேலே மடித்து ஒட்டுங்கள்.

அதன்மேல் மரப்பலகையை வைத்து, காப்பைத் துளைத்துக் கீழ்ச்சட்டம் வரை இறங்கும் நீளத் திருகாணிகளால் இறுக்குங்கள். இந்த அளவுக்குக் குறைந்தது 160 மி.மீ. நீளம் வேண்டும். சட்டங்களின் இடங்களைச் சுண்ணக்கட்டியால் முன்பே குறித்துவைத்தால் திருகாணி வெற்றிடத்தில் இறங்காது.

கடைசியாக நீர்புகா விரிப்பு. சின்னக் கூரைக்கு ஒரே துண்டான ரப்பர் விரிப்பு எளிது. நெருப்பால் உருக்கி ஒட்டும் தார் விரிப்பைப் புதியவர்கள் தொட வேண்டாம். கீழே மரமும் நுரையும் இருக்கின்றன.

கூரையின் அடிப்பக்கத்தில் பழைய காற்றோட்டத் துளைகள் இருந்தால் அவற்றை அடைத்துவிடுங்கள். குளிர்காற்று காப்புக்குக் கீழே ஓடினால் மேலே போட்டதெல்லாம் வீண். எல்லாம் முடிந்ததும் குழாய்த் தண்ணீரை மேல் ஓரத்திலிருந்து விட்டு, எங்கும் தேங்காமல் வடிகிறதா என்று பாருங்கள்.