அழுத்தமான நிறம் அடிக்கப் போகிறீர்களா? நெல்லைப் பக்கத்து வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையைச் சுற்றிப் புது வீடு கட்டுகிறவர்கள் இப்போது நிறத்துக்கு அவ்வளவாகப் பயப்படுவதில்லை. மயில் நீலம், மஞ்சள் கிழங்கு நிறம், செங்காவி, கரும்பச்சை என்று பெயர் சொல்லியே கேட்கிறார்கள். ஐவரியும் பிஸ்தாவும் தவிர வேறொன்றும் யாரும் கேட்காத காலத்தைப் பார்த்தவன் என்பதால் எனக்கு இதில் ரொம்ப சந்தோஷம். ஆனால் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளும், தாங்களே நிறம் எடுக்கிற வீட்டுக்காரர்களும், எங்கள் தலைமுறை செய்து கைவிட்ட அதே பிழைகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். தரையில் பேப்பர் விரிக்காமல் அடிப்பது, சுவிட்ச் போர்டுக்கு டேப் ஒட்டாமல் விடுவது மாதிரியானவற்றை எழுதப்போவதில்லை. அவற்றை ஒரு தடவை செய்தால் தானாகத் தெரிந்துவிடும். பல வருஷம் வேலை பார்த்த பிறகும் பிடிபடாதவை வேறு.

ஒரே ஒரு சுவருக்கு மட்டும் நிறத்தை ஒதுக்குவது

டி.வி. மாட்டும் சுவர் மட்டும் அடர் நீலம், மற்ற மூன்றும் பளீர் வெள்ளை. இது தைரியமான நிறம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சுவர் அறையோடு சேராது. வெள்ளைக்கும் நீலத்துக்கும் நடுவில் எதுவும் இல்லாததால் அது முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். மற்ற மூன்று சுவருக்கும் தூய வெள்ளைக்குப் பதில் அதே குடும்பத்தின் மிக வெளிறிய நிறத்தைக் கொடுங்கள். அந்த நீலம் அறையில் இன்னும் இரண்டு இடத்திலாவது வரட்டும். திரைச்சீலையாக இருக்கலாம், கதவு நிலையாக இருக்கலாம், கட்டிலில் விரித்த பத்தமடைப் பாயின் கரையாகக்கூட இருக்கலாம். அப்புறம்தான் அந்தச் சுவர் அந்த அறைக்குச் சொந்தமாகும்.

கடையில் பார்த்த நிறத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருவது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இது.

டவுன் ரத வீதி ஜவுளிக்கடையில் பட்டுச்சேலை எடுக்கப் போனால், நம் வீட்டுப் பெண்கள் கடை விளக்கை நம்புவதே இல்லை. சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, வெயிலில் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் பில் போடச் சொல்வார்கள். அதே குடும்பம் பத்து வருஷம் பார்த்துக்கொண்டிருக்கப் போகிற சுவருக்கு, பெயிண்ட் கடை விளக்கின் கீழ், நிறங்களை வரிசையாக அச்சிட்ட ஷேடு கார்டில் தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு கட்டத்தைப் பார்த்து நிறம் எடுத்துவிடுகிறது. இப்போது அதைவிட மோசம், செல்போனில் பார்த்துவிட்டு நம்பரை அனுப்பிவிடுகிறார்கள்.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பழைய வீடு. முற்றம், அதைச் சுற்றிப் பட்டாசல் என்கிற கூடம், சிவப்பு சிமெண்டுத் தரை. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பட்டாசல் முழுக்க நல்ல மஞ்சளாக வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆசையில் ஒரு குறையும் இல்லை, அந்த வீட்டுக்கு மஞ்சள் அருமையாகப் பொருந்தியிருக்கும். கார்டைப் பார்த்துக் கடையில் ஒரு நிறத்தைச் சொன்னார், மெஷினில் கலந்து கொடுத்தார்கள், ஒரு பெயிண்டர் நாலு சுவரும் அடித்து முடித்தார். முற்றத்து வெயில் சிவப்புத் தரையில் பட்டுச் சுவரில் ஏறியதும் மஞ்சள் ஆரஞ்சாகிவிட்டது. மத்தியானத்தில் அந்த இடத்தில் உட்கார்ந்தால் கண் கூசும். அவருடைய அம்மா எப்போதும் வெற்றிலை போட்டுக்கொண்டு இருக்கிற இடம் அது. அந்த அம்மா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீட்டு முன்பக்கத்துத் தார்சாவுக்குப் போய்விட்டார்கள்.

என்னைக் கூப்பிட்டது அதற்குப் பிறகு. "அண்ணாச்சி, கார்டுல இப்படி இல்லியே, கலக்கும்போது கடையில ஏமாத்திட்டாங்களா?" என்று கேட்டார். கடைக்காரர் ஏமாற்றவில்லை. கார்டை அந்தச் சுவரில் வைத்துப் பார்த்தோம், அச்சாக அதே நிறம்தான். எதிரெதிர்ச் சுவர்கள் ஒரே நிறத்தில் இருந்தால் ஒன்றின் வெளிச்சம் இன்னொன்றில் விழுந்து நிறம் இன்னும் கூடித் தெரியும். சின்னக் கட்டத்தில் இதமாக இருக்கிற நிறம் ஓர் அறை முழுக்க வரும்போது சத்தம் போடுவது இதனால்தான். கார்டில் பிடித்த நிறத்திலிருந்து ஒரு படி அடங்கிய நிறத்தை எடுத்தால்தான், மனதில் பார்த்த நிறம் சுவரில் வரும்.

செலவைப் பாருங்கள். எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கிற சுவர் பெயிண்ட்) இரண்டு கோட் அடிக்க லிட்டருக்கு 120 முதல் 140 சதுர அடி வரும் என்று வைத்தால், 10-க்கு 12 அறைக்கே ஏறக்குறைய 3 லிட்டர் வேண்டும். பட்டாசலுக்கு அதைப்போல இரண்டு மடங்கு. மெஷினில் கலந்த பெயிண்டைக் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். அடர் மஞ்சளை மறைக்க அடிப்பூச்சான பிரைமர் ஒரு கோட், மேலே இரண்டு கோட், ஆள் கூலி வேறு. ஆனால் என்னை இன்னமும் உறுத்துவது அந்தக் காசு இல்லை. அந்த ஆசிரியர் அதற்குப் பிறகு வீடு முழுக்க ஐவரி அடிக்கச் சொன்னார். புறவாசல் கதவுக்காவது நீலம் கொடுக்கலாமே என்று கேட்டுப் பார்த்தேன், "கலரே வேண்டாம்" என்றுவிட்டார். நிறத்தை ஆசையாகத் தேடி வந்த ஒரு குடும்பம், 200 மில்லி பெயிண்டில் முடிந்திருக்க வேண்டிய சோதனையைச் செய்யாததால், நிறத்தையே வெறுத்துவிட்டது.

சோதனை இதுதான். பிடித்த நிறத்திலும், அதற்கு ஒரு படி அடங்கியதிலும் இருப்பதிலேயே சின்ன டப்பா வாங்குங்கள். கெட்டியான சார்ட் அட்டையில் ஓரம் வரை இரண்டு கோட் அடித்துக் காய விடுங்கள். எமல்ஷன் ஈரத்தில் வெளிறித் தெரிந்து காய்ந்ததும் ஒரு சாயல் கூடும், அதனால் ஈரத்தில் முடிவு செய்யக்கூடாது. நேராகச் சுவரிலேயே அடித்துப் பார்க்க வேண்டாம். பழைய பச்சைச் சுவருக்கு நடுவில் ஒரு திட்டு அடித்தால், சுற்றியுள்ள பச்சை அதைச் சிவப்புப் பக்கம் இழுத்துக் காட்டும். பாரிஸ் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் செவ்ரேலிடம், கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தது. சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் காரணம் என்று அவர் கண்டுபிடித்து 1839-ல் விரிவாக எழுதி வெளியிட்டார். சுவரிலும் அதே கதைதான்.

அட்டையை நாலு சுவரிலும் மாற்றி மாற்றி வையுங்கள். காலையில் பாருங்கள், உச்சி வெயிலில் பாருங்கள், இரவு விளக்குப் போட்டும் பாருங்கள். வெள்ளையாக எரியும் 6500 கெல்வின் எல்இடியில் செங்காவி செத்துப்போன மாதிரி இருக்கும், மஞ்சளாக எரியும் 3000 கெல்வினில் அதே நிறம் உயிரோடு இருக்கும். நீலத்துக்கு நேர்மாறு. ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஜன்னலை ஒட்டி வாழையும் வயலும் இருந்தால் உள்ளே விழுவது பச்சை வெளிச்சம். அங்கே மெல்லிய ரோஸ் அடித்தால் சாம்பலாகிவிடும். திசையன்விளைப் பக்கத்துச் சிவப்பான தேரி மண் வெளிச்சத்தில் சாதாரண கிரீம்கூட ரோஸாகத் தெரியும். மலையடிவார ஊர்களில் மேற்கே மலை நிற்பதால் சாயங்கால வெயில் சீக்கிரம் போய்விடும், தென்காசியில் சாரல் மாதங்களில் பகலே மங்கல். ஒரே நம்பர் ஷேடு இந்த ஊர்களில் ஒரே நிறமாக இருக்காது.

இருட்டு அறைக்கு வெள்ளை

வெளிச்சமே வராத அறையில் வெள்ளை, சாம்பலாகத்தான் தெரியும். பழைய வீட்டில் சாமான் வைக்கிற உள்ளறையான அரங்குக்குக் கரும்பச்சையோ செங்காவியோ அடித்து, மஞ்சள் விளக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். அதன் இருட்டே அழகாகிவிடும்.

தரையைக் கணக்கில் எடுக்காதது

சுவருக்கு நிறம் எடுக்கும்போது கண் தரைக்குப் போவதே இல்லை. சிவப்புத் தரைக்கு எதிரில் நீலமும் பச்சையும் நன்றாக நிற்கும். பளபளக்கும் வெள்ளை டைல்ஸ் சுவரின் நிறத்தை வாங்கித் திருப்பி அடிக்கும். அங்கே அடர் நிறம் போட்டால் தரையும் அந்த நிறமாகும், பெரிய விரிப்பு ஒன்று வேண்டியிருக்கும்.

மேற்கு வெளிச்சுவரில் ரத்தச் சிவப்பு

நம் ஊர் வெயிலுக்குப் பளீர் சிவப்பும் ஊதாவும் தாங்காது. பெரும்பாலும் அவை கரிம நிறமிகள், வெளுத்துவிடும். காவியும் மஞ்சள் மண் நிறமும் இரும்பு ஆக்ஸைடு, வெயில் அவற்றை ஒன்றும் செய்யாது. கோயில் மதிலில் காவிப்பட்டை அடித்த நம் முன்னோர்கள் சரியான நிறத்தைத்தான் எடுத்திருக்கிறார்கள். வெளியே அழுத்தம் வேண்டுமென்றால் இந்தக் குடும்பத்திலிருந்து எடுங்கள். அதிலும் அடர் நிறம் வெப்பத்தை உள்ளே இழுக்கும், எனவே மேற்குச் சுவருக்கு அதன் வெளிறிய சாயலே போதும்.

உப்பு பூத்த சுவர்

வேண்டாம். கசிவை நிறுத்திவிட்டு வாருங்கள்.

அடர் நிறத்தில் பளபளப்பு

சுவரைச் சமப்படுத்தப் பட்டி போட்டதன் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் அது காட்டிக்கொடுக்கும். சுவர் கண்ணாடி மாதிரி சமமாக இல்லையென்றால் பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ்தான்.

வெள்ளைப் பிரைமர் மேல் நேராகச் சிவப்பு

பளீர் சிவப்புக்கும் பளீர் மஞ்சளுக்கும் அடியில் உள்ள நிறத்தை மூடும் திறன் குறைவு. வெள்ளைக்கு மேல் மூன்று, நாலு கோட் அடித்தும் ரோலர் தடம் தெரியும். பிரைமரிலேயே கொஞ்சம் நிறம் கலக்கச் சொல்லுங்கள், ஒரு கோட் மிச்சம்.

டப்பா மூடியைத் தூக்கிப் போடுவது

ஷேடு எண், கம்பெனி, ஃபினிஷ், எந்த அறை என்ற நாலையும் எழுதி மீட்டர் பெட்டிக்குள் ஒட்டி வையுங்கள். அரை லிட்டராவது மீதி வைத்து, மூடியை இறுக அடைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பீரோவை நகர்த்தும்போது சுவரில் கீறல் விழத்தான் செய்யும். அன்றைக்கு அதே நிறம் கையில் இருந்தால் ஒரு சின்னப் பிரஷ்ஷோடு வேலை முடிந்துவிடும்.