கல்லாவில் இருப்பவரைக் கேட்காமல் வாங்கிய மென்பொருள்

தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு பழக்கடை. காய்கறியும் மளிகையும் உண்டு. நாகர்கோவிலில் நாங்கள் நடத்தும் சிறிய ஐடி ஆலோசனை நிறுவனத்துக்குத் தொடக்க நாட்களில் வந்த வேலை அது. நல்ல பில்லிங் மென்பொருளாகப் பார்த்து, அதனுடன் வந்த பொருள் பட்டியலையே ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தோம். மாதக் கடைசியில் இருப்புக் கணக்கு எதனோடும் ஒட்டவில்லை.

போய்ப் பார்த்தால், கல்லாவில் உட்காரும் அக்கா 'மரச்சீனி' என்று தேடியிருக்கிறார். பட்டியலில் இருந்தது 'மரவள்ளிக்கிழங்கு'. 'ஏத்தன்' என்று தேடியிருக்கிறார்; பட்டியலில் 'நேந்திரம்'. எதிரே கூட்டம் நிற்கும்போது யார் அகராதி புரட்டிக்கொண்டிருப்பார்கள்? அகப்படாததையெல்லாம் 'பழம்' என்ற ஒரே பெயரில் போட்டுவிட்டார், மரச்சீனியையும் சேர்த்து. அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. முதலாளியிடம் மூன்று முறை பேசிய நாங்கள், அவரிடம் ஒரு முறைகூடப் பேசவில்லை.

சிறு வியாபாரிகளுக்குக் கருவி தேர்ந்தெடுப்பதில் நாங்கள் செய்த பிழைகளிலும் பிறர் செய்யக் கண்ட பிழைகளிலும் பாதி இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவைதான். பணம் கொடுப்பவர் ஒருவர், தினமும் அதோடு மல்லுக்கட்டுபவர் வேறொருவர். முதலாளிக்கு, வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் விற்பனையைப் பார்க்க வேண்டும். கல்லாவில் இருப்பவருக்கு, பாதி ரொக்கம் பாதி கடன் என்று கேட்கும் வாடிக்கையாளரைச் சீக்கிரம் அனுப்பிவைக்க வேண்டும். விற்பனைப் பிரதிநிதி முதல் ஆசையை மட்டும் பார்த்துப் பேசுவார்.

இப்போது நாங்கள் மென்பொருளைப் பார்ப்பதற்கு முன் பழைய பில் புத்தகத்தைக் கேட்கிறோம். ஓணத்துக்கு முந்திய நாளோ கிறிஸ்துமஸுக்கு முந்திய நாளோ போட்ட பில்கள் வேண்டும். அவற்றில் ஐம்பதை எடுத்து, கல்லாவில் உட்காருபவரையே புதிய மென்பொருளில் பதியச் சொல்கிறோம். கையால் எழுதுவதைவிடக் கூடுதல் நேரம் பிடித்தால் அந்த மென்பொருளை ஒதுக்கிவிடுகிறோம். செயல்விளக்கத்தில் இருபது பொருள்களை வைத்துக் காட்டும்போது எந்த மென்பொருளும் பறக்கத்தான் செய்யும். ஆணி, திருகு, குழாய் இணைப்பு என்று 4,000 வகை வைத்திருக்கும் கடையில், போன வாரம் வாங்கிய பைப்பில் பாதியைத் திருப்பிக் கொண்டுவருகிறார் ஒருவர், பில் தொலைந்துபோய்விட்டது என்கிறார். அங்கே அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

அடுத்த பிழை நம் மாவட்டத்துக்கே உரியது: எல்லையை மறப்பது. களியக்காவிளைக் கடைக்காரருக்குக் கேரளத்துப் பாறசாலை பக்கத்து ஊர். ஜிஎஸ்டிக்கோ அது வேறு மாநிலம். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வியாபாரிக்குச் சரக்கு போனால் வரி மத்திய, மாநிலப் பங்குகளாக இரண்டாகப் பிரியும். பாறசாலை வியாபாரியின் கடைக்குப் போனால் ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஒரே வரி. சரக்கை அனுப்பும் முன் இணையத்தில் எடுக்க வேண்டிய இ-வே பில்லுக்கும் இதே கதைதான். தமிழ்நாட்டுக்குள் வரி உள்ள சரக்கின் மதிப்பு 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் அது தேவைப்படும். எல்லை கடந்தால் 50,000 ரூபாயைத் தாண்டினாலே வேண்டும். வாங்குபவரின் ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கினால் தமிழ்நாடு, 32 என்றால் கேரளம். வாங்குபவரின் மாநிலத்தையும் சரக்கு போய்ச் சேரும் இடத்தையும் பார்த்து வரியைத் தானாக மாற்றாத மென்பொருள் திருச்சியில் சிறப்பாக ஓடலாம். களியக்காவிளையில் அது தினசரித் தலைவலி.

விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள் விஷயம் இன்னும் நுட்பமானது. ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடி ரூபாய் வரை உள்ள வியாபாரிகள் அதில் சேரலாம். ஆனால் பில்லில் வரியைத் தனியாகப் போட்டு வசூலிக்கக் கூடாது, வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்கவும் கூடாது. இப்படிப்பட்ட ஒரு தேன் வியாபாரிக்கு, 'இந்தியா முழுவதும் விற்கலாம்' என்று ஆசை காட்டி இணையக் கடை அமைத்துக் கொடுத்திருந்தார்கள். முதல் ஆர்டரே கேரளத்திலிருந்து வந்தது. அவருடைய ஆடிட்டருக்கு ஒரு போன் செய்திருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம்.

பயமுறுத்தி விற்பதும் உண்டு. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம், அதாவது மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லை அரசுத் தளத்தில் பதிய வேண்டும். கணக்கு மென்பொருளில் யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற தடம் இருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான நிறுவனங்களுக்கான விதி. தனி முதலாளியாக மளிகைக் கடை நடத்தி ஆண்டுக்கு 80 லட்சம் விற்பவரை இந்த இரண்டும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் இவற்றைச் சொல்லியே அவர் தலையில் பெரிய தொகுப்பைக் கட்டுகிறார்கள். திருத்தத் தடம் இருப்பது நல்லதுதான். சட்டம் என்று பொய் சொல்லி விற்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

2017 நவம்பர் 30 அன்று வந்த ஒக்கிப் புயலை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. இணையம் இல்லாவிட்டால் ஒரு பில்கூடப் போட முடியாத மென்பொருளை இந்த மாவட்டத்தில் பரிந்துரைப்பவர் இங்கே மழைக்காலம் பார்க்காதவராக இருக்க வேண்டும். இணைப்பு அறுந்தாலும் பில் போட்டு, திரும்பி வந்ததும் தானாகச் சேர்த்துக்கொள்வதாக இருக்க வேண்டும். அதற்காக எல்லாவற்றையும் கடைக் கணினியிலேயே வைத்திருப்பதும் சரியல்ல. காப்புப் பிரதி எடுத்த பென்டிரைவை அதே கணினியில் செருகியே வைத்திருக்கும் கடைகளை நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். கூரை ஒழுகினால் இரண்டும் சேர்ந்தே நனையும்.

மழையைப் பற்றிப் பேசும்போது காகிதமும் நினைவுக்கு வருகிறது. தெர்மல் ரசீதில் எழுத்து கொஞ்ச நாளில் மங்கிவிடும். ஜிஎஸ்டி கணக்குகளையோ, ஆண்டு அறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். அப்படி வந்த கொள்முதல் பில்லை அன்றே படம் பிடித்துச் சேமிக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். தமிழில் பில் வேண்டும் என்றால், கடையில் இருக்கும் அதே பிரிண்டரில் ஒரு பில்லை அச்சடித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். திரையில் அழகாகத் தெரியும் 'கொத்தமல்லி' காகிதத்தில் கட்டங்களாக விழுவது உண்டு.

இனி, வெளியேறும் வழி. மென்பொருளை வாங்கும் முன்பே, அதிலிருந்து பொருள் பட்டியல், வாடிக்கையாளர் கடன், பழைய பில்கள் மூன்றையும் எக்செல் கோப்பாக எடுத்துக் காட்டச் சொல்வோம். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம் சார்' என்று பதில் வந்தால் எழுந்துவிடுவோம். இணையதளப் பெயரும் அப்படித்தான். வடிவமைத்த பையன் தன் மின்னஞ்சலில் பதிவு செய்துவிட்டுத் துபாய்க்குப் போய்விட்டான், புதுப்பிக்க முடியவில்லை என்று வருடத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள். பெயர், கடவுச்சொல், பதிவான கைப்பேசி எண் மூன்றும் கடைக்காரருடையதாக இருக்க வேண்டும்.

எங்களைப் போன்றவர்களிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாத கேள்வி ஒன்று உண்டு: இதை விற்றால் உங்களுக்கு எவ்வளவு கமிஷன்? கமிஷன் வாங்குவது குற்றமல்ல, நாங்களும் சிலவற்றுக்கு வாங்குகிறோம். தொகையைச் சொல்லத் தயங்குபவரின் பரிந்துரையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

தோவாளை மலர்ச் சந்தையில் வியாபாரம் செய்யும் ஓர் அண்ணாச்சி போன ஆண்டு எங்களை அழைத்தார். விடியும் முன்பே தொடங்கும் சந்தை. பிச்சியும் கேந்தியும் நேரத்துக்கு ஒரு விலை. பார்கோடு ஒட்ட அங்கே எதுவும் இல்லை, பச்சைப் பூவுக்கு ஜிஎஸ்டியும் இல்லை. இரண்டு நாள் விடியற்காலையில் கூடவே நின்று பார்த்துவிட்டு, மென்பொருள் வேண்டாம் என்று சொன்னோம். கடைப் பெயரில் ஒரு யுபிஐ க்யூஆர், பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் ஸ்பீக்கர், இரவில் நோட்டுப் பக்கத்தைப் படம் பிடித்து மகனுக்கு அனுப்பும் பழக்கம், அவ்வளவுதான். எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு இதில் வருத்தம்.

இப்போது கேரளத்துக்காரர்களிடம் நிற்கும் கடனை மட்டும் கணினியில் ஏற்றலாமா என்று அண்ணாச்சியே கேட்கிறார். யார் பதிவார்கள் என்று கேட்டேன். மருமகள் என்றார். அடுத்த வாரம் அந்தப் பெண்ணைப் பார்த்துப் பேசப் போகிறேன்.