கேப்டவுன் குழுவுக்குத் தனிக் கட்டுரை வேண்டுமா?

இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸில் 1997இல் தொடங்கிய ஸ்கா-பங்க் (ஜமைக்காவின் ஸ்காவும் பங்க் ராக்கும் கலந்த இசை) குழு கேப்டவுன் (Capdown). பாடுகிறவரே இடையில் சாக்சபோனைக் கையில் எடுப்பார். அந்த வேகம் எனக்கு உயிர். அதனாலேயே விக்கிப்பீடியாவுக்கு எழுத உட்கார்ந்தபோது தடுமாறினேன். நமக்குப் பிடித்த குழு என்பது தகுதி ஆகாதே.

இணையத்தில் தேடினால் கிடைத்ததெல்லாம் நிகழ்ச்சி அறிவிப்புகளும், குழுவே தன்னைப் பற்றி எழுதிக்கொண்டதும்தான். இருபது இணைப்புகளைச் சேர்த்து வைத்திருந்தேன். விக்கிப்பீடியா கேட்பது குழுவோடு தொடர்பில்லாதவர்கள் விரிவாக எழுதியதைத்தான்; அப்படிப்பட்டது எது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டுதான் மிஞ்சின.

அப்புறம்தான் உறைத்தது: இவர்களின் முதல் இரண்டு ஆல்பங்கள் வந்தது 2000, 2001இல். அப்போது விமர்சனம் பெரும்பாலும் அச்சிதழ்களில் வரும், தேடுபொறியில் சிக்காது. லீட்ஸில் இருக்கும் நண்பர் பரணில் கிடந்த பழைய இசை இதழ்களைப் புரட்டி, முழுப்பக்கப் பேட்டி ஒன்றைப் படம்பிடித்து அனுப்பினார். ஓரம் மஞ்சளாகியிருந்தது, தேதியும் பக்க எண்ணும் தெளிவாக இருந்தன. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

விக்கிப்பீடியாவில் இன்னொரு அளவுகோலும் உண்டு: பெரிய இசை வெளியீட்டு நிறுவனத்திலோ முக்கியமான சுயாதீன நிறுவனத்திலோ இரண்டு ஆல்பங்கள். அந்த இரண்டையும் வெளியிட்டது லண்டனின் ஹவுஸ்ஹோல்ட் நேம் ரெக்கார்ட்ஸ். லைட்இயர் போன்ற குழுக்களும் அங்கேதான் இருந்தன. சரி, எழுதலாம் என்று முடிவெடுத்தேன். நிகழ்ச்சிப் பட்டியலை மொத்தமாக வெட்டிவிட்டு, அந்தப் பேட்டியிலிருந்து முதல் பத்தியைத் தொடங்கினேன்.