செஞ்சிக் கோட்டைக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா?

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்குப் புதுச்சேரி வந்து, பிள்ளைகளுக்குக் கோட்டை காட்டலாம் என்று கடலூர்த் தேவனாம்பட்டினம் போனால் ஏமாற்றம்தான். அங்கிருந்த புனித டேவிட் கோட்டையை 1758-இலேயே பிரெஞ்சுக்காரர்கள் இடித்துவிட்டார்கள். கோட்டை என்று நம்பிப் போகலாம் என்றால் செஞ்சிதான். தொல்லியல் துறை பராமரிப்பில் இருக்கிறது; 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது.

திண்டிவனம் வழியாகக் கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர். காலை 7 மணிக்குள் கிளம்பி, திண்டிவனத்தில் டிபனை முடித்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போனால் செஞ்சி பஸ் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும்; கோட்டை திருவண்ணாமலை ரோட்டில் இருக்கிறது.

டிக்கெட் கவுன்ட்டரில்தான் முதல் சிக்கல். வெளிநாட்டினர் கட்டணம் உள்ளூர்க் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) உள்ளவர்களுக்கு இந்தியர் கட்டணமே. ஆனால் அட்டையைக் கையில் கொண்டுபோக வேண்டும். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கும் அதே சலுகை உண்டு. கனடா, பிரான்ஸ் பாஸ்போர்ட் மட்டும் வைத்திருக்கும் ஈழத்துச் சொந்தங்கள் முழுக் கட்டணம் கட்ட வேண்டியதுதான். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்லை.

கோட்டைக்குள் இருக்கும் ராஜகிரி, கிருஷ்ணகிரி மலைகள் இரண்டையும் ஒரே நாளில் ஏற நினைக்காதீர்கள். வெளிநாட்டுக் குளிரில் பழகிய கால்கள் இரண்டாவது மலையின் பாதியிலேயே மடங்கிவிடும். ராஜகிரி ஏறக்குறைய 800 அடி. ஏற ஒன்றரை மணி நேரம் வையுங்கள். முதலில் மலை, பிறகுதான் கல்யாண மகாலும் களஞ்சியமும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, உச்சி வெயிலில் படிக்கட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள். பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கும். பிற்பகல் 3 மணி தாண்டினால் ஏறவும் விடமாட்டார்கள்.

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், ஓஆர்எஸ் பாக்கெட், பிடிப்புள்ள ஷூ. மேலே கடையும் இல்லை, கழிவறையும் இல்லை. பிள்ளைகளைக் கீழேயே கழிவறைக்குப் போய்வரச் சொல்லிவிடுங்கள். தின்பண்டத்தைப் பிளாஸ்டிக் பையில் கையில் தொங்கவிட்டால் போச்சு. கவர் சலசலக்கும் சத்தம் கேட்டாலே குரங்கு வந்து பறித்துவிடும். ஜிப் வைத்த முதுகுப்பைக்குள் வையுங்கள். பறித்துவிட்டால் விட்டுவிடுங்கள், திரும்பப் பிடுங்கப் போய்க் கடி வாங்காதீர்கள்.

உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கும். அந்தப் பிளவின் மேல் ஒரு சிறு பாலம், அதைத் தாண்டினால்தான் மேல்வாசல். மராட்டிய மன்னர் ராஜாராம் கோட்டைக்குள் இருந்தபோது முகலாயப் படை ஏன் 1690 முதல் 1698 வரை வெளியே காத்துக்கிடந்தது என்று கேட்கும் பிள்ளைக்கு, அந்தப் பாலத்தில் நின்று கீழே பார்க்கச் சொன்னால் போதும். கையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், காற்று பலமாக அடிக்கும்.

மலையேற முடியாத தாத்தா பாட்டியை அடிவாரத்தில் வெயிலில் காக்க வைக்காமல், கீழ்க்கோட்டையில் இருக்கும் வேங்கடரமணர் கோயிலுக்கு அனுப்பிவிடுங்கள். படியேற்றம் இல்லை, கோபுர வாசலின் சிற்பங்களைப் பார்க்கவே அரை மணி போகும். அந்தக் கோயிலின் கல்தூண்களைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள் என்பார்கள்.

மதியச் சாப்பாடு செஞ்சி ஊருக்குள். 3 மணிக்குக் கிளம்பினால் பொழுது சாயுமுன் புதுச்சேரி. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள், உள்தெருவில் நிறுத்திவிட்டு நடங்கள். காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற எட்டுத் தூண்களைப் பிள்ளைகளே எண்ணட்டும். அவை செஞ்சித் தூண்கள்.