புது எம்சி எண்ணோடு ஹாட்ஷாட் லோடு பிடிப்பது எப்படி

அமெரிக்காவில், குறிப்பாக டெக்சாஸ் பக்கம், ராம் 3500 அல்லது எஃப்-350 மாதிரி ஒரு பிக்கப்பும், அதன் பின்தட்டில் மாட்டும் 40 அடி கூஸ்நெக் டிரெய்லரும் வாங்கி, ஹாட்ஷாட் எனப்படும் சின்ன, அவசரச் சரக்குத் தொழிலைச் சொந்தமாக ஓட்ட நினைப்பவர்களுக்கு இது. ஹெச்-1பி விசாவில் இருப்பவர்கள் இறங்க வேண்டாம்; அந்த விசா ஸ்பான்சர் செய்த கம்பெனி வேலைக்கு மட்டும்தான்.

எம்சி, அதாவது கூலிக்குச் சரக்கு ஏற்றும் மோட்டார் கேரியர் அனுமதிக்கு 300 டாலர் கட்டி, இன்சூரன்ஸும், உங்களுக்காகச் சட்ட நோட்டீஸ் வாங்கும் ஏஜெண்டைக் குறிக்கும் பிஓசி-3 படிவமும் பதிவானால் அனுமதி கிடைத்துவிடும். சட்டம் கேட்கும் லயபிலிட்டி (பிறருக்கு நேரும் சேதத்துக்கான இன்சூரன்ஸ்) 7.5 லட்சம் டாலர்தான். ஆனால் புரோக்கர்கள் 10 லட்சமும், சரக்குக்குத் தனியாக 1 லட்சமும் இல்லாமல் பேசவே மாட்டார்கள். எல்லாம் இருந்தும் முதல் வாரத்தில் பத்துக்கு எட்டு பேர் மறுக்கலாம். திருட்டு எம்சிகளை வைத்து நடக்கும் மோசடிக்குப் பயந்து, 90 நாளோ 6 மாதமோ ஆகாத எம்சிக்கு லோடு தருவதில்லை என்று பலர் விதி வைத்திருக்கிறார்கள். ஆகவே வாடகை பேசும் முன்பே, "என் எம்சிக்கு இத்தனை நாள்தான் ஆகிறது, எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். மறுப்பவரிடம் வாதாடாமல், எத்தனை நாள் ஆக வேண்டும் என்று குறித்துக்கொண்டு அன்றைக்குத் திரும்ப அழையுங்கள்.

டிஏடி, டிரக்ஸ்டாப் போன்ற லோடு போர்டுகளில் (லோடு பட்டியலிடும் இணையதளங்கள்) வெறும் ஃப்ளாட்பெட் (திறந்த தட்டு டிரெய்லர்) என்று தேடினால் 48,000 பவுண்டு லோடுகள்தான் வந்து குவியும். ஹாட்ஷாட் வகையையும், டிரெய்லரின் ஒரு பகுதியை மட்டும் நிரப்பும் பார்ஷியல் லோடையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, எடை வரம்பைப் போடுங்கள். சிடிஎல் (வணிக ஓட்டுநர் உரிமம்) இல்லாமல் ஓட்டினால் வண்டிக்கும் டிரெய்லருக்கும் குறிக்கப்பட்ட மொத்த எடைத் தகுதி 26,000 பவுண்டைத் தாண்டக் கூடாது. டிரெய்லரின் சொந்த எடை போக, ஏற்ற முடிவது பெரும்பாலும் 7,000-9,000 பவுண்டு. சிடிஎல் எடுத்தால் 16,000 வரை போகலாம், லோடுகளும் கூடும். ஒரே திசையில் இரண்டு பார்ஷியல் ஏற்றுவது நல்ல வருமானம். ஆனால் புரோக்கர் அனுப்பும் வாடகை ஒப்பந்தமான ரேட் கன்ஃபர்மேஷனில் வேறு சரக்கு ஏற்றக்கூடாது என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது மைல் கணக்கில். ஹூஸ்டனிலிருந்து மிட்லாண்ட் சுமார் 500 மைல், வாடகை 1,250 டாலர் என்றால் போர்டில் மைலுக்கு 2.50 என்று தெரியும். சரக்கை எடுக்கக் காலியாக 60 மைல் போகிறீர்கள். மிட்லாண்டில் ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் டல்லாஸுக்கு இன்னொரு 330 மைல் காலியாக வருகிறீர்கள். மொத்தம் 890 மைல், மைலுக்கு 1.40 டாலர். காலனுக்கு 10 மைல், டீசல் 4 டாலர் என்று வைத்தாலே 356 டாலர் எரிந்துவிடும். அதனால் இறக்கும் ஊரில் திரும்பும் லோடு எவ்வளவு இருக்கிறது, என்ன விலை என்று பார்த்த பிறகே போகும் லோடுக்குத் தலையாட்டுங்கள். ஃப்ளோரிடா இதற்குப் பேர்போனது: உள்ளே போக நல்ல காசு, வெளியே வர அடிமாட்டு விலை.

போர்டில் பார்த்த போன் எண்ணை நம்பி முடித்துவிடாதீர்கள். மோட்டார் கேரியர் நிர்வாகத்தின் சேஃபர் தளத்தில் புரோக்கரின் எம்சியைத் தேடி, அங்கே பதிவான எண்ணுக்கு நீங்களே அழைத்து, இந்த லோடு அவர்களுடையதுதானா என்று கேளுங்கள். மின்னஞ்சல் முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் விலகுங்கள். சரக்கு ஏற்றும் இடத்தில் பில் ஆஃப் லேடிங்கில் (சரக்கு ரசீது) வேறு கேரியர் பெயர் இருந்தால் அது இரண்டு கை மாறிய லோடு. இறக்கியபின் பணத்துக்கு அலைய நேரும். புரோக்கரின் 75,000 டாலர் பாண்டிலிருந்து (பிணைத்தொகை) கோரலாம்தான், ஆனால் ஏமாந்த எல்லோரும் அதே தொகையைத்தான் பங்கு போடுவார்கள்.

நம்மூரில் லோடு ஏற்றும்போதே டீசலுக்கு அட்வான்ஸ் கைக்கு வரும். இங்கே சாதாரணமாக 30 நாள் கழித்துத்தான் முழுப் பணம். அதுவரை தாக்குப்பிடிக்க முடியாவிட்டால் பில்லை வாங்கிக்கொள்ளும் ஃபேக்டரிங் கம்பெனி 2 முதல் 5 சதவீதம் எடுத்துக்கொண்டு உடனே தரும். புரோக்கர் கட்டாமல் போனால் நஷ்டம் யாருக்கு என்பதை ஒப்பந்தத்தில் வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் காக்கவைத்தால் டிடென்ஷன் (காத்திருப்புக் கூலி) எவ்வளவு என்பதும் எழுத்தில் வர வேண்டும். போனில் சொன்னது செல்லாது.

சரக்கு கட்டுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். பெல்ட், சங்கிலிகள் தாங்கும் எடை வரம்பு எல்லாம் சேர்ந்து சரக்கு எடையில் பாதியாவது இருக்க வேண்டும்; 10,000 பவுண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சக்கர இயந்திரத்துக்கு நாலு இடத்தில் தனித்தனிக் கட்டு. முதல் 50 மைலுக்குள் நிறுத்தி இறுக்கிப் பாருங்கள், பெல்ட் கட்டாயம் தளர்ந்திருக்கும். சாலைச் சோதனையில் ஆங்கிலத்தில் பதில் சொல்ல முடியாவிட்டால், 2025 ஜூன் முதல் அங்கேயே ஓட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள், பேசிப் பழகிக்கொள்ளுங்கள்.

நல்ல காசு போர்டுக்கு வெளியே இருக்கிறது. குழாய், வால்வு கிடங்குகள், இரும்பு ஃபேப்ரிகேஷன் பட்டறைகள், டிராக்டர் டீலர்கள், வாடகை இயந்திரக் கடைகள் என்று நேரில் போய், வரவேற்பறையில் அல்ல, ஷிப்பிங் பொறுப்பாளரிடம் இன்சூரன்ஸ் சான்றிதழையும், உங்கள் வரி எண் உள்ள டபிள்யூ-9 படிவத்தையும் கொடுங்கள். வெள்ளி மாலை நாலு மணிக்கு அவசரச் சரக்கோடு அழைப்பார்கள். அப்போது போனை எடுப்பவருக்குத்தான் திங்கட்கிழமை லோடும் வரும்.